நாலாக மடித்த நகல்

விவாகரத்துக்கு ஒரே வண்டியில்தான் போனோம்.
இருந்தது ஒன்றுதானே.
நாரினுக்கு மினிபஸ் விடிகாலையில் உண்டு;
அதில் உன் அக்கா வருவாள்.
அவள் வாய்க்கு எதிரே மூன்று மணி நேரம்
உட்கார எனக்குத் திராணியில்லை.
ஆகவே சைடுகார்.
முந்தாநாள் அதில் ஆட்டுக்குட்டி ஏற்றியிருக்கிறாய்,
புழுக்கை என் காலடியில் உருண்டது.
மடியில் கோப்பு:
திருமணச் சான்று ஒன்று, நகல் இரண்டு.

தொலோன் கணவாய்க்கு நாலு வளைவு மிச்சம்.
ஒரு விக்கல்.
இன்னொன்று.
அப்புறம் அந்தச் சோவியத் காலத்து ஐஜ்
பேச்சை நிறுத்திக்கொண்டது,
போன குளிர்காலத்தில் நாம் நிறுத்தியதுபோல,
சண்டையில்லாமல், ஏற்றத்தில், பாதியில்.

நீ உதைத்தாய்.
பதினெட்டுவரை எண்ணிவிட்டு மலையைப் பார்த்தேன்.
ஜூன் மாதத்திலும் சாலையோரப் பள்ளத்தில்
பழம்பனி அழுக்குத்துணியாகக் கிடந்தது.

"பெட்ரோல்?" என்றேன்.
அன்று நான் பேசிய முதல் சொல்.
"இருக்கு."
நீ பேசியதும் அதுதான்.

பிளக்கைக் கழற்றினாய். ஈரம், கரி.
லைட்டரில் சுட்டாய், ஊதினாய், மாட்டினாய்.
உதை.
பக்கவாட்டு மூடியைத் திறந்து
பாயின்ட்டுக்குள் எட்டிப் பார்த்தாய்.
"தீஞ்சிருக்கு" என்றாய், மூடியிடம்.
கருவிப் பெட்டியில் ஒரு ஸ்பேனர், கம்பிச் சுருள்,
யாருடையதோ ஒற்றைக் கையுறை.

அப்போது ஓர் ஆட்டு லாரி நின்றது.
"முன்னால ஒரு சீட் இருக்கு. யார் வர்றீங்க?"
"ஒருத்தர் மட்டும் போய்ப் பிரயோஜனமில்லை" என்றோம்
இரண்டு பேரும், ஒரே மூச்சில்.
அவனுக்கு என்ன புரிந்ததோ,
உப்புத் தயிர் உருண்டை ஒரு கைப்பிடி தந்துவிட்டுப் போனான்.
வளைவுவரை ஆடுகள் நம்மையே பார்த்தன.

"அரம் இருந்தா, மெல்லிசா…" என்று இழுத்தாய்.
கைப்பையைத் திறந்தேன்.
நகம் தேய்க்கும் அரம்.
நேற்று கொச்கோர் சந்தையில் வாங்கியது, சாயத்தோடு.
நீதிபதிமுன் வாடிப்போனவளாக
நிற்கக் கூடாதென்று வாங்கியது.
அதை வாங்கினாய். பிறகுதான் என் விரல்களைப் பார்த்தாய்.
"சிவப்பா?"
"செர்ரி."
"ம்."

பத்துத் தேய்ப்பு. கரி உதிர்ந்து வெள்ளி தெரிந்தது.
இனி இடைவெளி வைக்க வேண்டும்,
அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி.
கூடினால் பொறி பாயாது, குறைந்தால் தீய்ந்துவிடும்.
அளவுத் தகடு வீட்டில், ஆணியில் தொங்குகிறது.
நீ கோப்பைப் பார்த்தாய்.
நான் கோப்பைப் பார்த்தேன்.
சான்றை விட்டுவிட்டு
நகல் ஒன்றை உருவி நாலாக மடித்துக் கொடுத்தேன்.
நடுவில் நுழைத்தாய்.
இழுத்தால் வரணும், லேசாப் பிடிக்கணும், என்று முணுமுணுத்தபடி
இழுத்துப் பார்த்தாய்.
"நீ இழு" என்றாய் அப்புறம்,
உன் கை ஸ்பேனரில் இருந்ததால்.

மூன்றாம் உதையில் பிடித்தது.
புகை நம் இருவர் முகத்திலும்.
நான் சிரித்திருக்கலாம்;
சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

நாரினில் மணி நாலரை.
ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா
"அசனோவ் தைர்பெக், அசனோவா பூருல்" என்று வாசித்து,
நகலை விரித்து,
மடிப்பின் குறுக்கே ஓடிய கறுப்புத் தடத்தைக் காட்டினாள்.
"இது என்ன?"
"பாயின்ட் இடைவெளி" என்றாய்,
அவளுக்கும் ஒரு ஐஜ் இருக்கும் என்பதுபோல.
அவள் நிமிரவில்லை.
நீதிபதி கிளம்பிவிட்டார்.
செவ்வாய்க்கிழமை வாருங்கள்.
சுத்தமான நகலோடு.

வெளியே நீ அரத்தைச் சட்டையில் துடைத்து நீட்டினாய்.
"பெட்டியிலேயே போடு" என்றேன்.
திரும்பவும் அந்தக் கணவாய் ஏற வேண்டும்,
இருட்டுவதற்குள்.