இரண்டாவது பொட்டு

காகெத்தியில் மார்ச் வந்தும் குளிர் விடவில்லை.
ஒதார் இந்த வாரமும் ஆள் மூலம்தான் அனுப்பியிருக்கிறான்,
சோடா பாட்டிலில் கால்வாசி வைன்.
அப்பாவின் தோட்டம் பிரிந்த நாளிலிருந்து
அண்ணன் தங்கை பேச்சு
இந்தப் பாட்டில் மட்டும்.

லமாரா ஒரு சொட்டைத் தாளில் வைக்கிறாள்.
இரவெல்லாம் கரைப்பான் மேலே ஏறும்,
அந்த நாற்றத்துக்குத் தலை வலிக்கும்.
காலையில், பச்சைநீலத்தில் மஞ்சள் பொட்டுகள்.
அடியில் டார்டாரிக், அது அசையாது.
அதற்கு மேல் மாலிக்,
பச்சை ஆப்பிளின் புளிப்பு,
பல் கூசவைப்பது.
இன்னும் போகவில்லை.

பாதி வேலையைத் திராட்சையே முடித்திருந்தது,
ஆகஸ்ட் வெயிலில், கொடியிலேயே,
தன் புளிப்பைத் தானே மூச்சாக எரித்து.
மீதி,
கழுத்துவரை மண்ணில் புதைந்த க்வெவ்ரி ஜாடிக்குள்
குளிரில் சுருண்டு கிடக்கும் பாக்டீரியாவின் பாடு.

அதனுள் ஒரு நொதி.
மடிப்பில் மாலிக் வந்து உட்காரும்,
ஒரு கரியணு கழன்று குமிழோடு போகும்,
எழுந்து செல்வது லாக்டிக், தயிரின் புளிப்பு.
நொதி அப்படியே இருக்கும், அடுத்ததற்கு இடம் விட்டு.
யார் தோட்டம், யார் பங்கு என்று கேட்காது.

சுண்ணாம்பு போடவா என்று ஒருமுறை
பாட்டில் கழுத்தில் சீட்டு கட்டியிருந்தான்.
பின்பக்கத்தில் எழுதினாள்:
அடுப்பு மூட்டு. பொறு.

ஏப்ரல் ஒன்பது. இரண்டாவது பொட்டு இல்லை.
மேலே புதிதாக ஒன்று, ஓரம் கலைந்து.
முடிந்தது, மூடிவிடு என்று எழுதியவள்
பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்துப் பார்த்தாள்.
நாக்கு சுருங்கவில்லை.
கீழே ஒரு வரி சேர்த்தாள்:
அடுத்த தடவை பாட்டிலைக் கழுவி
அனுப்பு.

அதை அடித்துவிட்டு,
கொண்டுவா.