கால் பங்கு

மாட்டின் காதுக்குள் டோர்ச் அடித்து
உண்ணி பொறுக்குகிறேன்.
அம்பகாமம், காலை ஆறரை.
இடுக்கி நுனியில் கால் உதறுகிறது
சாம்பல் நிறக் கொட்டைமுத்து ஒன்று.
குழாய்க்குள் விட்டு, மூடி, இலக்கம் எழுதி,
ஐஸ்பெட்டிக்குள்.

"பிள்ளை, இரத்தம் பாத்தா
ஆற்றை மாடெண்டு சொல்லுமோ?"
அரியமலர் கேட்கிறா.
கடப்படியில் சந்தனம் நிற்கிறார்,
அவருக்கும் அதே பதில்தான் வேண்டும்.

பசுவின் தொடையில் குறிமேல் குறி.
அடியில் மங்கலாய் ஒரு 'அ'.
செல் விழுந்த இரவு கயிற்றை அறுத்துவிட்டு
ஓடியவ சுட்டது.
மேலே 'ச'.
எழுபத்தேழில் கண்டியிலிருந்து அடிபட்டு வந்தவர்,
மீளக்குடியேறிய முதல் மாரியில்
காட்டுக்குள் கண்டு பிடித்துக்கட்டிச் சுட்டது.
இரண்டையும் குறுக்கே வெட்டி
யாரோ ஒருவரின் 'வ'.
அவர் மாட்டைத் தேடி இன்னும் வரவில்லை.
வருவாரா என்று ஒருவரும் கேட்பதுமில்லை.

எப்படிச் சொல்ல?
தோலுக்குக் கீழேயும் இதே கதைதான்.
இந்தப் பசுவின் மரபெழுத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு
வெளியிலிருந்து வந்ததும் அதன் வழிவந்ததும்.
நாலைந்து கோடி வருடத்துக்கு முன்
ஏதோ ஒரு பாம்பிடமோ பல்லியிடமோ இருந்த
துண்டு வாசகம்,
இந்த வம்சத்துக்குள் வந்து இறங்கியிருக்கிறது.
ஏறிவந்த வண்டி உண்ணியாக இருக்கலாம்
என்றுதான் எங்கள் சந்தேகம்:
ஊர்வதில் குடித்த வாயோடு
மேய்வதில் குடித்திருக்கும்.
பாஸ் இல்லை. குடும்ப அட்டை இல்லை.
விதானையின் கையெழுத்தும் இல்லை.

வந்தது சும்மா இருக்கவில்லை.
தன்னைப் பார்த்துத் தன்னை எழுதி
கொஞ்சம் தள்ளிச் செருகி
மறுபடி எழுதி
பாதியில் முறிந்து
முறிந்ததையும் விடாமல் பிரதியெடுத்து.
இப்போது பெரும்பாலானவை ஊமை,
உயிரணு அவற்றுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது.
ஒன்றிரண்டு மட்டும்
பக்கத்து வீட்டு மரபணுவுக்கு
ஆளியாகி வேலை செய்கின்றன.

"கால் பங்கு பாம்பின்ர" என்றேன், சுருக்கி.

அரியமலர் பசுவை ஒருமுறை சுற்றிப் பார்த்தா.
"அப்ப மிச்ச முக்காலும் என்ர."
சந்தனம் சிரித்தார்.
"பாம்பு கேஸு போட வராதுங்க.
நாம ரெண்டு பேரும்தான் கச்சேரிக்கு அலையணும்."

அதற்குள் பசு படுத்துவிட்டது.
வழக்குப் பேசிய இரண்டு பேரும்
ஆளுக்கொரு முன்னங்காலைப் பிடித்து இழுக்க
வழுக்கி விழுந்தது செவலைக் கிடாரி.
இளங்கொடி விழ மத்தியானம் ஆயிற்று.

அதை நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தாயையும் கன்றையும் ஒட்டவைத்த அந்தச் சதையில்
உயிரணுவோடு உயிரணு உருகிச் சேர
கற்றுக்கொடுத்தது ஒரு பழைய வைரஸ்.
நோயாக வந்து
எப்போதோ தங்கிப்போனது.
அதையும் சாக்கில் கட்டி
ஆலமரத்தில் தூக்கினார் சந்தனம்.
"இன்னும் உயர, நாய் எட்டும்"
என்றா அரியமலர்.
கன்று ஆருக்கு என்ற கதை
மரத்தடியிலேயே தொடங்கிவிட்டது.
நான் மோட்டார் சைக்கிள் ஒன்றை மறித்து
மாங்குளச் சந்திக்குப் போனேன்.

ஆனையிறவில் பஸ்ஸை நிற்பாட்டினார்கள்.
"பெட்டிக்குள்ள என்ன?"
"உண்ணி."
திறந்தவன் உடனே மூடினான்.
"எத்தனை?"
"நாற்பத்தொன்று."
கொப்பியில் எழுதினான்,
என் அடையாள அட்டை இலக்கத்துக்கு நேரே.

நாற்பத்திரண்டாவதை
இரவு குளிக்கும்போது கண்டேன்,
முழங்காலின் பின்மடிப்பில்,
மாட்டில் குடித்த வாயைப்
புதைத்துக்கொண்டு.