வில்லங்கச் சான்று

திருமங்கலம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
புங்கமரத்தடியில் என் மேசை.
இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
மூலத்தில் ஒரு வரி ஏறிவிட்டால்
பிடுங்க முடியாது, தெரியும்.

அதனால்தான் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ரஹ்மத்நிஷா சொன்னது
சட்டென்று பிடிபட்டது:
"சில செல்லுக்குள்ள புகுந்து
உங்க எழுத்தோட தன் எழுத்தையும்
சேர்த்துக் கட்டிருச்சு அண்ணே.
மாத்திரை நகலைத் தடுக்கும்.
மூலத்தை அழிக்காது."

அப்ப அது சும்மாவா கிடக்கு?

ரிப்போர்ட்டின் பின்பக்கம் வரைந்தார்.
ஒரு கரி. மூன்று ஹைட்ரஜன்.
மெத்தில் என்று பெயர்.
அந்த வரிமேல் இது ஒட்டிக்கொண்டால்
செல் வாசிக்காமல் தாண்டிப் போகுமாம்.
"தடையாணை" என்றேன். சிரித்தார்.
வரி இருக்கும்,
நடப்புக்கு வராது.
செல் இரண்டாகும் ஒவ்வொரு தடவையும்
நகலிலும் அந்த முத்திரையைக் குத்தவேண்டும்.
ஏதாவது ஒரு குமாஸ்தா மறந்துபோனால்?
அவர் பேனாவை மூடினார்.

மெத்திலுக்குக் கரி சுமந்து வருகிற கூலியாள் ஃபோலேட்.
கீரையில் இருக்கும்.
இந்த மஞ்சள் மாத்திரையிலும், மிளகு அளவில்.
அதே சீட்டில் எழுதிய பெரிய வெள்ளை மாத்திரை
பாக்டீரியாவை ஃபோலேட் செய்யவிடாமல்
பட்டினி போடுவதற்கு.
இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறேன்.

தூங்கவிடாதது வேறொன்று.
கிருமியும் தன் ஓலையில்
இதே முத்திரையைக் குத்திக்கொள்ளுமாம்,
காவல்காரன் கண்ணுக்கு வீட்டு ஆள்போலத் தெரிய.
ஒரே மைக்கூடு,
இரண்டு பேர் தொட்டு எழுதுகிறார்கள்.
"நான் கீரை தின்னா யாருக்கு லாபம்?"
"அதைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க.
நீங்க நேரத்துக்கு மாத்திரை போடுங்க."

பெரியார் நிலையத்தில் அரைக்கீரை,
கட்டு பதினைந்து ரூபாய்.
பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், பாதி வாடிவிட்டது.

என் தங்கை பொன்னழகு
கீரையைக் குழையக் குழைய வேகவைத்து
தண்ணியை வடித்துக் கொட்டுகிறவள்.
"அவ்வளவு வேகவைக்காத. சத்துப் போயிரும்."
"யாரு சொன்னா?"
"டாக்டர்."

மத்தைக் கையில் பிடித்தபடி
திரும்பிப் பார்த்தாள்.
"எந்த டாக்டர்?"

அடுப்பில் கீரை
கொதித்துக்கொண்டே இருந்தது.