அந்த நடை கம்பெனிக்குச் சொந்தம்

முதல் குறிப்பு இப்படி வந்தது:
யாரும் பார்த்திராத விலங்கு வேண்டும்.
பார்த்தவுடன் எல்லாருக்கும் பிடிபட வேண்டும்.
பயமும் வர வேண்டும்,
பொம்மையாகவும் விற்க வேண்டும்.
வெள்ளிக்கிழமைக்குள்.

ஒன்-நார்த்தில் ஒன்பதாவது மாடி.
குளிரூட்டிக்கு நேர் கீழே என் மேசை.
ஜூலையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
பாலைவனங்கள் வரைவேன்.

வெள்ளிக்கு நாற்பது தலைகள் கொடுத்தேன்,
கட்டைவிரல் அளவில், வெறும் கறுப்பு நிழல்களாக.
ஹுவீ ஷான் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினாள்.
நிழலில் அடையாளம் தெரியாதது
வெளிச்சத்திலும் தெரியாது என்பது அவள் கட்சி.
பதினேழில் கழுத்து, முப்பத்தொன்றில் தாடை,
மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்றாள்.

மிச்சம் என்பது உடம்பு முழுக்க.

யோசிக்க நான் கால்வாய்க்குப் போவேன்.
உலு பாண்டான், மதிய இடைவேளை,
மடியில் சோற்றுப் பொட்டலம்.
எதிர்க்கரையில் ஓர் உடும்பு.
சிமெண்டுச் சரிவில் வயிறு தேய,
தோள் முதலில் புறப்படும்,
கால் பிறகு யோசித்துக்கொண்டு வரும்.
பிளந்த நாக்கு காற்றை விசாரிக்கும்.
வேலைக்குத் தாமதமாக வந்தும்
அவசரம் காட்டாத ஆளைப் போல.

அந்தத் தோளை எடுத்துக்கொண்டேன்.
செதிலுக்குத் துறைமுகக் கொள்கலன்களின் துரு.
கழுத்து மடிப்புக்கு
எங்கள் புளோக் மின்தூக்கிக் கதவின் ரப்பர்.
கண் மட்டும் மூன்று வாரம் கிடைக்கவில்லை;
தூக்கம் கெட்ட ஒரு காலையில்
ஃபாட்லி கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது.
அவனிடம் சொல்லவில்லை.

மூன்று வருடம்.
மான்ட்ரியாலில் ஒருவர் எலும்பு போட்டார்,
பெயர் தெரியாத இன்னொருவர் தோல் போர்த்தினார்,
ஒரு நாள் திரையில் அது தானே நடந்தது,
தோள் முதலில், கால் பிறகு.
கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
என்னதான் வரையறே என்று அண்ணி கேட்டால்
பல்லி மாதிரி ஒண்ணு என்பேன்.
அதுக்கு சிபிஎஃப் எல்லாம் போடறாங்களா?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
எட்டு நிமிடக் காணொளிக் கூட்டத்தில்
விளையாட்டு ரத்தானது.
யாரோ ஒலியை அணைக்க மறந்திருந்தார்கள்,
அவர்கள் வீட்டு நாய் கடைசிவரை குரைத்தது.
பத்தரை மணிக்கு என் கோப்புறை எனக்கே திறக்கவில்லை.
நாற்பது தலை, இருநூறு தோள், ஒரு ஜோடிக் கண்
எங்கோ ஒரு குளிர்ந்த அறையில்
யாரையும் பயமுறுத்தாமல் கிடக்கின்றன.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம்.
உருவம், நிறம், அசைவு, எண்ணம்
அத்தனையும் நிறுவனத்துக்கு,
இந்தப் பேரண்டம் முழுவதிலும், என்றென்றைக்கும்.
உடும்புப் பிடி என்றால் இதுதான்.

இப்போது சலவைத்தூள் விளம்பரத்துக்குச்
சிரிக்கும் நுரை வரைகிறேன்.
முதலில் அதற்குப் பல் வைத்திருந்தேன்,
எடுக்கச் சொன்னார்கள்.

நேற்று மழை விட்டதும் கால்வாய்ப் பக்கம் போனேன்.
ஓடுகிறவர்கள், மிதிவண்டிகள்,
நாயைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தம்பதி.
சரிவில் அது.
அதேதானா, அதன் பிள்ளையா, தெரியாது.
என்னைக் கடந்து நடந்தது,
தோள் முதலில்,
கால் பிறகு யோசித்துக்கொண்டு,
இம்மியும் மாறாமல்.

ஏய், என்றேன் மெதுவாக,
அந்த நடை இனி உனக்கில்லை.
பக்கம் ஒன்பது, பிரிவு நான்கு.

நின்றது. நாக்கை நீட்டி
என் பக்கத்துக் காற்றை ஒரு முறை படித்தது.
பிறகு கலங்கிய தண்ணீரில் இறங்கி
எந்தத் திருத்தமும் இல்லாமல்
கிளிமெண்டிப் பக்கம் போனது.