முழங்கையில் ஒரு மடிப்பு

பிள்சென் நகரில் ஆகஸ்டு கடைசி வாரம்.
இசைப்பள்ளியின் நிலவறையில்
வாடகை வயலின்கள் கொக்கிகளில் தொங்குகின்றன:
மாகாணி, அரைக்கால், கால், அரை,
முக்கால், முழுசு.

பேரை நம்பிவிடாதீர்கள்.
அரை என்பது முழுசில் பாதியில்லை,
நாலு விரற்கடைதான் குட்டை.
யார் போட்ட கணக்கோ.

என் வேலை இது:
இடது கையை நீட்டச் சொல்வேன்.
கழுத்தோரம் தொடங்கி
உள்ளங்கை நடுவரை தையல் நாடா.
பிறகு வயலினைத் தாடைக்கடியில் வைத்து
அதன் சுருள்தலை
கைக்குள் முட்டைபோல் அடங்குகிறதா என்று பார்ப்பேன்.
நுனிவிரலால் எட்டிப் பிடித்தால்
கொடு, வேண்டாம்.

தகப்பன்மார் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்:
"ஒரு சுற்றுப் பெரிசாக் குடுங்க,
ரெண்டு வருஷம் வரும்."
குளிர்கோட்டுக்குக் கையை மடித்துவிடலாம்,
ஷூவுக்குள் பஞ்சு வைக்கலாம்.
வயலினில் எதை மடிப்பது?

பதினோரு வயதில் எனக்கு முழுசு வாங்கித் தந்தார்கள்.
சுண்டுவிரல் எட்டவேண்டி
மணிக்கட்டைத் திருகித் திருகி
இரண்டு குளிர்காலம் ஓட்டினேன்.
முக்காலே அரைக்கால் என்றொரு அளவு இருப்பது
முப்பது வயதில்தான் தெரிந்தது.
இப்போது வாசிப்பதில்லை.
நாடா பிடிக்கிறேன்.

செவ்வாய் பிற்பகல்
டிராலிபஸ் ஓட்டும் ராதிம் சீருடையோடு வந்தார்.
இருபுறமும் இரட்டைப் பெண்கள்.
போன வருஷம் இருவருக்கும் அரை.
பெட்டியில் ஒட்டிய படம்தான் அடையாளம்:
ரொசாலியேவுக்கு முள்ளெலி,
அபொலேனாவுக்கு டிராக்டர்.

ரொசாலியே நீட்டினாள். நாற்பத்தொன்பது.
அரையே போதும், இன்னும் ஒரு வருஷம்.
அபொலேனா நீட்டினாள். நாற்பத்தொன்பது.

எழுதி முடித்திருப்பேன்.
அவள் சட்டையின் முழங்கையில் ஒரு மடிப்பு,
நீட்டிய கையில் வரக்கூடாத மடிப்பு.

நேராக நீட்டு என்றேன்.
நீட்டினாள்.
மடிப்பு அங்கேயே இருந்தது.
ரொசாலியே என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வரும் வழியில் ஒத்திகை நடந்திருக்கிறது.

அரை எடுப்பவர்களுக்குச் செவ்வாய் வகுப்பு,
முக்காலுக்கு வியாழன்.
பள்ளி போட்ட அட்டவணை. நான் போட்டதில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் ராதிம்
கைக்கடிகாரத்தைப் பார்த்து.

நான் எதுவும் சொல்லவில்லை.
டிராக்டர் பெட்டியைத் திறந்து
உன் வயலின்தானே, வாசி என்றேன்.
வாசித்தாள்.
மேல் தந்தியில் விரல்கள்
ஞாயிற்றுக்கிழமை டிராமில் நிற்பவர்கள்போல்
ஒன்றையொன்று இடித்தன.
அரைச்சுரம் ஒன்றுக்கு இடமே இல்லை,
முன்விரலைத் தள்ளிவிட்டுத்தான் நடுவிரல் உட்கார்ந்தது.
அந்தச் சுரத்தில் அவள் முகம் சுளித்தது.
காது பொய் சொல்லப் பழகவில்லை.

கொக்கியிலிருந்து முக்காலை இறக்கித் தந்தேன்.
அதே வரி.
அடித்தந்தி அறையெங்கும் பரவியது,
மேசைமேல் கோந்துப் புட்டி அதிர்ந்தது.
முழங்கை தன்னால் திறந்துகொண்டது,
யாரும் சொல்லாமலே.

வாசித்து முடித்த பிறகுதான்
செய்ததை உணர்ந்தவள்போல்
சட்டென்று கையை மடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு தரம்" என்றாள் ரொசாலியே.

இன்னொரு தரம் வாசித்தாள்.
பிறகு ரொசாலியே அதை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தாள்.
சுருள்தலை அவள் நகநுனியில் நின்றது.
திருப்பித் தரக் கொஞ்சம் நேரமானது.

படிவத்தில் எழுதினேன்: அபொலேனா, முக்கால்.
ராதிம் முன்பணம் எண்ணிவைத்தார்,
எல்லாம் நாணயமாக.

நிலவறைச் சன்னல் நடைபாதை மட்டத்தில்.
அதில் கால்கள் மட்டுமே தெரியும்.
ஒரே அளவு நாலு ஷூக்கள் நின்றன,
கல்லின்மேல் இரண்டு பெட்டிகள் இறங்கின.
முள்ளெலி. அதைவிடப் பெரியதாய்
படம் ஒட்டாத இன்னொன்று.

சற்றுக் கழித்து ஒரு கை தாழ்ந்து வந்து
பெரியதைத் தூக்கிக்கொண்டது.
யாருடையது என்று தெரியவில்லை.
மணிக்கட்டுவரைதான் தெரிந்தது,
அளக்கப் போதாது.