ஒன்பது சதுர மீட்டர்

இகாவுக்குப் பதின்மூன்று ஆன வாரம்
கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்:
தட்டிவிட்டு வரவும்.
திமோன், தட்டினாலும் வராதே.

திமோன் தூங்குவதும் அந்த அறையில்தான்.

க்தான்ஸ்க்கில், ஐந்தாம் மாடியில்,
பிள்ளைகளுக்கென்று எங்களிடம் ஒரே அறை.
லெஷெக் மூன்று முறை நாடா பிடித்து அளந்தான்,
நான்காவதில் கொஞ்சம் வளரும் என்பதுபோல.
ஒன்பது சதுர மீட்டர்.

ஒரு சனிக்கிழமை முழுக்க
அடுக்குக் கட்டிலை இரண்டாகக் கழற்றினோம்.
மேல்தட்டின் அடியில்
ஒட்டிக் காய்ந்த சூயிங்கம் பதினொன்று,
பலகை இடுக்கில் ஒரு பால்பல்.
என்னுடையதில்லை என்றாள் இகா.
என்னுடையதுமில்லை என்றான் அவன்.
பல்லை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
மிஞ்சிய திருகாணிகள் ஏழு.
எங்கிருந்து மிஞ்சின என்று
இன்றுவரை தெரியாது.

தரையில் நான்கு குழிகள்,
கட்டில் கால்கள் ஆறு வருடம் நின்ற இடம்.
அவற்றின்மேல் எதை வைத்தாலும் ஆடியது.

பிறகு துணி அலமாரியை
நடு அறைக்கு இழுத்தோம், சுவராக இருக்கட்டுமென்று.
ஜன்னலும் அதன் அடியில் ஹீட்டரும் ஒரே பக்கம்.
இரண்டையும் பிரிக்க வழியில்லை.
நாணயம் சுண்டினோம்.
இகா ஜெயித்தாள்.

தோற்றவனுக்குக் கதவுப் பக்கம்,
எதிரே அலமாரியின் முதுகு:
பழுப்பு அட்டை, நீல மையில் தொழிற்சாலை எண்.
ஞாயிறு மாலை பார்க்கிறேன்,
அதில் ஹீட்டர் வரைந்துகொண்டிருக்கிறான்,
திருகும் குமிழோடு, எண் ஐந்தில்.
ஜன்னல் வேண்டாமாடா என்றேன்.
ஜன்னல் குளிரும், அம்மா.

திங்கட்கிழமை சுங்கச்சாவடி திறந்தான்.
கதவுக்குப் போக அவன் பக்கம்தானே கடக்க வேண்டும்!
ஒரு முறைக்கு ஒரு பிஸ்கட்.
இரவில் கழிவறை என்றால் இரண்டு.
இகா கத்தினாள், முறையிட்டாள்,
கடைசியில் தலையணைக்கடியில்
பாக்கெட் வைத்துக்கொண்டு படுத்தாள்.

பழிக்குப் பழி, அலமாரி நகரத் தொடங்கியது.
இரவில் விரல் அளவு, சத்தமில்லாமல்,
எப்போதும் அவன் பக்கமாக.
லெஷெக் தரையில் பென்சில் கோடு போட்டான்.
கோடும் நகர்ந்தது.

அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன.
கூட்டும்போது துடைப்பம் தட்டும்.

செப்டம்பர் கடைசியில் இகா
போஸ்னானுக்குப் படிக்கப் போனாள்.
அலமாரியைச் சுவரோரம் தள்ளிவிடலாமா,
முழு அறையும் உனக்கு, என்றோம்.
கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிப் படுத்திருந்த திமோன்
இருக்கட்டும் என்றான்.
ஜன்னல் பக்கமாவது போய்ப் படு.
இருக்கட்டும் என்றேனே.
காலி அறைப் பாதியை
ஹீட்டர் சூடாக்கிக்கொண்டிருந்தது.
பில் நாங்கள் கட்டினோம்.

டிசம்பரில் வந்தாள்.
முடியில் பனி, முதுகில் மூட்டை.
கதவைத் தட்டினாள்.
உள்ளே போனவள் ஒன்றும் பேசாமல்
அவன் மேசையில் ஒரு பிஸ்கட் வைத்தாள்.
ஹெட்ஃபோனைக் கழற்றாமல்,
திரும்பியும் பார்க்காமல்
திமோன் சொன்னான்:

விலை ஏறிவிட்டது.