பத்து குறைத்துப் படிக்கவும்

மீட்டருக்குள் எரிந்த குஞ்சு பல்பு
ஈஸ்டருக்கு முன்பே செத்துப்போனது.
அதன்பிறகு விஜிலா
தியேட்டர் டியூட்டி முடிந்த ராத்திரிகளில்
மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் வரை
இன்ஜின் சத்தத்தை வைத்தே
வேகம் கணித்து வந்தாள்.
"நாப்பதுல ஒரு மாதிரி பாடும்.
அறுபதுல கதவும் சேர்ந்து பாடும்."

நான் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
நாய்க்குப் பயந்து, தாழ்ந்த ஓட்டுக்குத் தலை குனிந்து,
பகலெல்லாம் ஊரார் மீட்டரை
எட்டிப் பார்க்கிறவன்.
என் வீட்டு முள்
இருட்டில் எங்கே நிற்கிறதென்று
எனக்கே தெரியாது.

கூரியரில் ஓர் உறை வந்தது.
கல்யாணப் பத்திரிகையின் கனம்கூட இல்லை.
வெள்ளைத் தாள், கறுப்பு எண்கள்.
கரண்ட் கொடுத்தால் தாளே எரியுமாம்
நீலமாக,
சூடில்லாமல்.

ஆனி மாசம். ஷெட்டுத் தகரத்தில்
பேச்சு கேட்க விடாத மழை.
நாலு திருகாணி கழற்றி
கேபிளின் கழுத்தைத் திருகி விட்டதும்
மீட்டர் மொத்தமாக மடியில் வந்து விழுந்தது.
முள்ளைப் பிடுங்கத்தான் கை வரவில்லை.
இழுத்தால் ஒடியும். இழுக்காவிட்டால் வராது.

"தள்ளுங்க" என்றாள்.
பாயசக் கரண்டி இரண்டை
முள்ளுக்கடியில் இருபுறமும் கொடுத்து,
வயிறு திறந்து கிடப்பவர் பக்கத்தில்
விடுகிற அதே மூச்சை விட்டு,
நெம்பினாள்.
டிக்.
அவள் உள்ளங்கையில் சிவப்பாக
ஒரு நெத்திலி முள் அளவுக்கு.

பழைய முகத்தை உரித்தேன்.
பின்னால் தகரத்தில் பென்சில் எழுத்து:
88,640.
பக்கத்தில் 12.8.09.
கையெழுத்தென்று சொல்லத்தக்க ஒரு சுழி.

அந்த ஓணத்துக்குத்தான் வண்டியை வாங்கினோம்.
ரஸ்க்கும் சாயாவும் தந்து
ஞானசிகாமணி சார் சொன்னார்:
"ஆண்டவர் அறிய, நாப்பத்து மூவாயிரந்தான் ஓடியிருக்கு."
அவருடைய அடக்கத்துக்கு
இதே வண்டியில்தான் போனோம்.
முன்சீட்டில் பூவளையம் இருந்தது.

நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்.
யாரை ஏற்றினார், எந்தப் பிரசவத்துக்கு,
எந்தக் கடன்காரன் கண்ணில் படாமல்
எந்தச் சுற்று வழியில்?
பழுதான மீட்டருக்கு
நாங்கள் சராசரி போடுவோம்.
இதற்கு எந்த மாசத்தை எடுத்துச் சராசரி போட?

தொண்டை வரை வந்த கெட்ட வார்த்தை
யாரைப் பார்த்துப் போகவென்று தெரியாமல் நின்றது.
பேனாவை எடுத்துக் கூட்டினேன், தொழில் பழக்கம்.
ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டு.
எட்டிப் பார்த்த விஜிலா
மழையைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.
"இவ்வளவு ஓடியுமா இப்பிடி நிக்குது?
அப்ப நமக்கு நல்ல வண்டிதான் தந்திருக்காரு."

பென்சில் தேடினேன். மகளின் பாக்ஸில் இருந்தது.
பழைய எண்ணுக்குக் கீழே
சக்கரத்தில் இன்று நிற்கும் 97,212,
அதற்குக் கீழே உள்ளது உள்ளபடி,
தேதி, என் சுழி.
அதன்மேல் புதிய முகத்தை ஒட்டினேன்.

சுவிட்சைத் தட்டியதும்
எங்கோ ஒரு கொசு பாட ஆரம்பித்தது.
இன்வெர்ட்டராம், அப்படித்தான் பாடுமாம்.
நீலம் மெல்ல ஏறி
அவள் தாடையில் நின்றது,
தாடையில் இருந்த மாவும் தெரிந்தது.

வண்டி ஷெட்டில் நிற்கிறது.
முள் பத்தில் நிற்கிறது.

திரும்பவும் கரண்டியை எடுத்தேன்.
"வேண்டாம். பத்து குறைச்சுப் படிச்சுக்கிடலாம்" என்று
கரண்டிகளைக் கழுவப் போனாள்.

மறுநாள் ராத்திரி பதினொன்றரைக்கு
மழையோடு வந்து சாவியை மேசையில் போட்டாள்.
"மீட்டர் அம்பது காட்டிச்சு.
இன்ஜின் நாப்பது பாடிச்சு."
சோற்றுப்பானையைத் திறந்து பார்த்துவிட்டு,
சும்மா சொல்வதுபோல்:

"நீலம் கொள்ளாம்."